சித்திரை மழையும் கண்டிச் சீமையும்

ஆறு பருவங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று சொல்லிக்கொடுக்கிறோம். மாமரம் தளிர்க்கும், தென்றல் வீசும், குயில் கூவும் என்பன அப்பருவத்துக்கு நம் புலவர்கள் வகுத்த அடையாளங்கள். கண்டி மலைநாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு ஒரு சங்கடம் உண்டு. குயில் கூவுவது உண்மை. முள்முருக்கு சிவக்கப் பூப்பதும் உண்மை. ஆயின் பிற்பகல் இரண்டு மணியானதும் ஹந்தானை மலைமேல் முகில் கறுக்கும், இடி முழங்கும், கூரைத் தகரத்தில் விழும் மழையின் பேரோசையில் ஆசிரியர் சொல்வது முன்வரிசைப் பிள்ளைகளுக்குங் கேளாது. தென்றலைப் பற்றிய பாடம் அத்தோடு நின்றுவிடும்.

இதற்குக் காரணம் விளங்காததன்று. ஏப்ரல் முற்பகுதியிற் சூரியன் கண்டிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேல் பருவக்காற்று இன்னும் வந்து சேராத இடைக்காலம் அது. காலை வெயிலிற் சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவுகளைப் பற்றி மேலெழுந்து, பிற்பகலில் இடிமழையாக இறங்குகிறது. சிங்களக் கிராமத்தவர் இதனைப் ‘பக்’ மாதத்து இடி என்பர். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கியதும் மழையின் குணம் மாறிவிடும். அடித்துப் பெய்தது போய், நாள் முழுவதும் நசநசவென்று தூறிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் இவ்விரண்டு மழைக்கும் நடுவே வெயிலுக்கு இடமே இராது. பங்குனியில் நனைந்த துணி ஆனியிலும் காயவில்லை என்று வீட்டுப் பெண்கள் அலுத்துக்கொள்வது அவ்வாண்டுகளில்தான்.

கண்டி நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஓரிடத்தில் அமைந்துள்ளது. இங்கே ஆண்டு மழை 2,000 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தென்மேற்கே கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளிலோ இதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட மழை பெய்கிறது. அம்மலைகளின் நீரைத் திரட்டிக்கொண்டு வரும் மகாவலி கங்கை, கண்டி நகரை மேற்கு, வடக்கு, கிழக்கு என மூன்று புறமும் வளைத்து ஓடுகிறது. ஆதலின் கண்டியில் வெயில் எறிக்கும் நாளிலும் கங்கை கரைபுரளக் கூடும். பின்னர்ச் சொல்லப்போகும் நிகழ்ச்சியொன்றுக்கு இது வேண்டியதாதலின், நேயர்கள் இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

கண்டி இராச்சியத்தில் எளிய மக்கள் மழையோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிய நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி, வேடிக்கையாக, ஒரு கைதியின் சாட்சியே. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் 1660ஆம் ஆண்டு, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில், இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிபட்டார். சோழமண்டலக் கரையில் அடித்த புயலில் முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்யவே அவருடைய கப்பல் அங்கு ஒதுங்கியது. பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே சிறையின்றிச் சிறைப்பட்டிருந்து, 1679இல் தப்பியோடினார். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கியும் கிராமத்தாரோடு கிராமத்தாராக வாழ்ந்தவர் அவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் அரசியலைவிட அன்றாட வாழ்வே மிகுதி. எனக்கு அந்நூல் பிடித்திருப்பதும் அதனாலேயே.

மலையின் ஒருபுறம் மழை கொட்ட, மறுபுறம் நிலம் வறண்டு கிடப்பதைக் கண்டு அவர் வியக்கிறார். ஓர் அறையைவிட்டு அடுத்த அறைக்குட் செல்வதுபோல மழையிலிருந்து வெயிலுக்குட் செல்லலாம் என்பது அவர் கூற்றின் கருத்து. மாத்தளைப் பக்கம் பேருந்திற் சென்றவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். அட்டைக்கடியைப் பற்றியும் அவர் விரிவாக எழுதுகிறார். எலுமிச்சைத் துண்டையும் உப்பையும் துணியில் முடிந்து, ஒரு கோலின் நுனியிற் கட்டி, நடக்கும்போதே காலில் ஒற்றிக்கொண்டு போவார்களாம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தேயிலை மலையில் உப்பும் எலுமிச்சையும் இன்றும் அத்தொழிலைச் செய்கின்றன.

குடையைப் பற்றி அவர் சொல்வது இன்னும் சுவையானது. தாளிப்பனையின் ஓலை ஒன்று பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து காக்கும் அகலமுடையது; ஆயினும் விசிறிபோல மடித்தால் ஒருவன் கையிற் கொண்டுபோகுமளவு சிறுத்துவிடும். வழிப்போக்கர் அதைத் தலைமேற் பிடித்துச் செல்வர். இரவில் அதுவே கூடாரம். படைவீரர் ஒவ்வொருவரும் ஓர் ஓலைத் துண்டைச் சுமந்து சென்றனர். ஐரோப்பியப் படைகள் கூடாரத் துணியை யானைகளிலும் காளைகளிலும் ஏற்றி மலையேறத் திணறிய காலத்தில், கண்டிப் படையின் கூடாரம் வீரனின் தோளிலேயே இருந்தது. படைக்கலங்களைப் பற்றி எழுதும் நம் வரலாற்று நூல்கள் இவ்வோலைக்கு ஒரு பக்கமேனும் ஒதுக்கியிருக்கலாம்.

வீடுகள் வேறு விதம். பொதுமக்கள் ஓடு வேய்வதும், சுவருக்குச் சுண்ணம் பூசுவதும், மாடி கட்டுவதும் தடுக்கப்பட்டிருந்தன. ஓடு என்பது மழைக்கு மட்டும் உரியதாய் இராமல் மதிப்புக்கும் உரியதாயிற்று. மண் சுவரும் வைக்கோற் கூரையும் கொண்ட தாழ்ந்த குடில்களில், மாரி வருமுன் கூரையைப் புதுப்பிப்பது ஆண்டுதோறும் தவறாத கடமை. இருந்தும் அக்குடில்களுள் மழையை வெல்லும் சில ஏற்பாடுகள் இருந்தன. அடுப்புக்கு மேலே ஒரு பரண். அதில் மிளகும், விதையும், விறகும் புகையிலே காயும். பலாக்கொட்டையை மணலிற் புதைத்து வைத்து, மழை விடாத நாட்களில் எடுத்துச் சமைப்பர். மாசி, பங்குனியிற் பெரும்போக நெல் அறுவடையாகும். சூடு மிதிக்குமுன் மழை முந்திக்கொண்டால் கதிர் களத்திலேயே முளைத்துவிடும். நெல் பத்திரமாக அட்டுவத்துக்குள் ஏறிய பிறகே சித்திரைப் புத்தாண்டு மகிழ்ச்சியாகும். அதன்பின் பெய்யும் மழையோ சிறுபோக விதைப்புக்கு உயிர். ஒரே மழை பங்குனியிற் பகையாகவும் சித்திரையில் நட்பாகவும் இருந்தது.

மன்னர்களும் மழையை அறிந்திருந்தனர். பெருங்கங்கைக்குப் பாலமில்லை, வெள்ளத்தில் நில்லாது என்பது ஒரு காரணம். நாட்டின் வழிகள் எளிதாக இருத்தல் ஆகாது என்ற அரசாங்கக் கொள்கை மற்றொன்று. காடு வெட்டி அகலப்படுத்தாத ஒற்றையடிப் பாதைகள். கணவாய்களிலே முட்கதவுகளும் காவலரும். வறண்ட மாசியிற் பகைவன் உள்ளே வரட்டும். தலைநகரை விட்டு மக்களும் மன்னனும் காட்டுக்குள் விலகுவர். பின்பு மழையும் காய்ச்சலும் பசியும் தம் வேலையைச் செய்யும். இதுவே அவர்களின் போர்முறை. 1765ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டியைக் கைப்பற்றிச் சூறையாடினார். ஏப்ரலில் அவரே கொழும்பிற் காலமானார். கண்டியில் விட்டுவந்த படை நோயிலும் உணவுத் தட்டுப்பாட்டிலும் நலிந்து சில மாதங்களிற் பின்வாங்கிற்று.

இப்பாடத்தை ஆங்கிலேயர் படிக்கவில்லை. 1803ஆம் ஆண்டில், தேசாதிபதி பிரெடரிக் நோத் காலத்தில், கொழும்பிலிருந்து தளபதி மக்டவலும் திருகோணமலையிலிருந்து கேணல் பாபட்டும் இரு படைகளோடு புறப்பட்டனர். அதுவும் பெப்ரவரி மாதமே. நகரம் வெறுமையாய்க் கிடந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காட்டுக்குள் விலகியிருந்தான். ஆங்கிலேயர் முத்துசாமி என்ற நாயக்கர் குலத்தவரை மன்னராக்கினர். இவர் முந்திய மன்னனின் தேவியாருடைய உடன்பிறந்தவர். மார்ச் மாதத்தில் முடிசூட்டு விழா நடந்தது; ஆனால் அவரை வணங்க ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. முதலாம் அதிகாரி பிலிமத்தலாவையோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு, ஏப்ரல் 1ஆம் நாள், பெருமழை தொடங்குமுன், மக்டவல் பெரும்படையோடு கொழும்புக்குத் திரும்பினார். மேஜர் டேவி என்பவரின் தலைமையில் சில நூறு ஐரோப்பியரும் மலாய்ப் படையினரும் இலஸ்கார் என்னும் பீரங்கி ஏவலாளரும் அரண்மனையிலேயே விடப்பட்டனர்.

அடுத்த மூன்று மாதங்களும் மழைக்கும் அப்படைக்கும் நடந்த போராட்டம் எனலாம். பாதைகள் வழுக்கின, வண்டி வர வழியில்லை, சுமை தூக்குவோர் ஓடிவிட்டனர். அரிசி குறைந்தது. காய்ச்சல் ஒவ்வொருவராய்ப் படுக்கையிற் போட்டது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று றொனால்ட் றொஸ் நிறுவியது 1897இல். 1803இல் காட்டுக் காற்றே நோய்க்குக் காரணம் என எண்ணினர். திருகோணமலைப் படையை நடத்திவந்த பாபட் காய்ச்சலாலேயே மாண்டார். மே மாத இறுதியில் மக்டவல் ஒருமுறை வந்து பார்த்தார். அவரும் நோயுற்று ஜூனில் திரும்பினார். எழுந்து நிற்கக்கூடிய ஐரோப்பிய வீரர் விரல்விட்டு எண்ணுமளவே எஞ்சினர்.

ஜூன் 24ஆம் நாள் கண்டிப் படை அரண்மனையைச் சூழ்ந்து தாக்கிற்று. டேவி சரணடைந்தார். ஆயுதங்களோடு திருகோணமலைக்குப் போகலாம், நோயாளரைக் கண்டியார் பராமரிப்பர் என்பது நிபந்தனை. நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை விட்டுவிட்டு எஞ்சியோர் வட்டபுலுவத் துறைக்கு நடந்தனர். துறை நகரிலிருந்து சில மைல் தூரமே. அங்கே கங்கை பெருகி ஓடிக்கொண்டிருந்தது. தோணி ஒன்றுமில்லை. மலையுச்சிகளிற் பெய்த மழையெல்லாம் அவர்கள் கண்முன்னே புரண்டு சென்றது. மூங்கிலைக் கட்டித் தெப்பம் செய்யவும், அக்கரைக்குக் கயிறு கொண்டுசேர்க்கவும் முயன்றனர்; பயனில்லை.

கரையிற் காத்திருந்தபோது மன்னனின் தூதர் வந்து முத்துசாமியைக் கேட்டனர். அவரைக் கொடுத்தால் தெப்பம் தருவோம் என்றனர். டேவி முதலில் மறுத்தார், பிறகு இசைந்தார். முத்துசாமி கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். தெப்பம் வரவில்லை. ஜூன் 26ஆம் நாள் ஆயுதங்களைக் கீழே வைக்கும்படி கட்டளை வந்தது. அதன்பின் ஐரோப்பியரை இருவர் இருவராக அழைத்துச் சென்று வெட்டினர். நகரில் விடப்பட்ட நோயாளருக்கும் அதே கதி. மலாயருட் பலர் மன்னனின் சேவையில் சேர்ந்தனர். நூருதீன் என்ற மலாய்த் தலைவர் சேர மறுத்து உயிர்விட்டார். கழுத்தில் வெட்டுண்டு பிணங்களிடையே கிடந்த பாண்ஸ்லி என்னும் வீரர் ஒருவர் மட்டும், இரவில் எழுந்து, அதே வெள்ளத்தை நீந்திக் கடந்து, மாத்தளைப் பக்கத்திலிருந்த கோட்டையை அடைந்து செய்தி சொன்னார். டேவி கொல்லப்படாமற் பல ஆண்டுகள் கைதியாய் இருந்து கண்டியிலேயே இறந்தார்.

இக்கொலையை ஆங்கில நூல்கள் கொடுமை என்கின்றன, கொடுமைதான். சரணடைந்தோரை வெட்டுவதை எந்த நியாயத்தாலும் மறைக்கவியலாது. ஆயின், அழையாத வீட்டிற் புகுந்து, வீட்டுக்காரன் அறிந்த மழையைத் தான் அறியாமல், படையை அங்கே விட்டுப் போனவர்களின் பொறுப்பை அந்நூல்கள் மெல்லிய குரலிலேயே சொல்கின்றன. முத்துசாமியைப் பற்றியோ இன்னும் குறைவு. இரு தரப்பாருக்கும் வேண்டாதவராகிப்போன அவர் ஆற்றங்கரையில் நின்ற வேளையை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த வெற்றிக்குப் பின் மன்னன் தன் நகரை அழகுபடுத்தத் தொடங்கினான். மாளிகை முன் இருந்த வயல்களை அணையிட்டு மறித்து 1812 அளவில் ஏரியாக்கினான். அதன் கரைமதிலுக்கு ‘வலாகுளு பம்ம’, அதாவது முகிற் சுவர், என்று பெயர். அலை அலையான அதன் விளிம்பை மழைக்கால மாலையொன்றிற் பார்த்தவருக்குப் பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டியதில்லை. ஏரியை வெட்டிய குடிமக்களின் கட்டாய உழைப்பும் மன்னன்மேற் கசப்பை வளர்த்தது. 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் மூன்றாம் முறை வந்தபோது பிரதானிகள் அவர்கள் பக்கம் நின்றனர். மார்ச் 2இல் உடன்படிக்கை எழுதியாயிற்று. அம்முறை மழைக்கு வேலையிருக்கவில்லை.

வந்தவர்கள் மழையை வெல்லும் வழி பாதையே என்று கண்டுகொண்டனர். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கொழும்பு – கண்டிப் பெருந்தெருவை அமைப்பித்தார். அதை வகுத்த பொறியியலாளர் டோசனுக்கு 1832இல் கடுகண்ணாவையில் ஒரு கோபுரம் எழுப்பினர். மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடங்கும் என்று ஊரில் ஒரு பழஞ்சொல் இருந்ததாம். அங்கே பாறையைக் குடைந்து தெருவைக் கொண்டுசென்றனர். பேராதனையில் முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் ஒன்று மகாவலியைக் கடந்தது; அது 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடங்கொடுத்தது. 1867இற் புகையிரதமும் கண்டிக்கு வந்தது. தெருவிற் சேற்றை வெட்டிப் பாறையை உடைத்தவர்கள் இராஜகாரிய முறையிற் பிடித்துக்கொண்டுவரப்பட்ட கிராமத்தவர்கள். அம்முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் மழையில் நின்று பாடுபட வேறு ஆட்கள் வேண்டியிருந்தது. அவர்களே நம்மவர்கள்.

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியத் தொழிலாளர் மன்னாரிலிருந்து காட்டு வழியாய் நடந்து மாத்தளைக்கு வந்தனர். வழியில் மாண்டவர் மிகப் பலர். கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் கடைசி மாதங்களில்; பறித்து முடித்ததும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுவர். பங்குனி, சித்திரையில் துரைமாருக்கே வானத்தைப் பற்றிய கவலை: கோப்பி பூக்க ஒரு மழை வேண்டும்; பூத்தபின் மழை விடாது பெய்தாற் காய் பிடிக்காது. 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. அதன் வித்திகள் நனைந்த இலையிலே முளைக்கின்றன என்பதைப் பேராதனையில் மார்ஷல் வார்ட் 1880க்குப் பின் ஆராய்ந்து காட்டினார். அதற்குள் கோப்பி அழிந்துகொண்டிருந்தது.

தேயிலை வந்ததும் எல்லாம் மாறிற்று. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். வந்துபோனவர்கள் லயங்களில் நிலைத்துக் குடியாயினர். மேலும், சித்திரை மழையைக் குடித்துத்தான் கொழுந்து பொங்கி வருகிறது. ஆண்டிற் கூடை மிகக் கனக்கும் மாதங்கள் அவையே. தலையிலே கம்பளிக் கொங்காணி, இடுப்பிலே படங்கு, காலிலே அட்டை. ஈரக் கொழுந்து என்று நிறுவையிற் சில றாத்தல் கழிக்கும் வழக்கம். மழையால் வேலை பாதியில் நின்றால் அரைப்பேர். ஊறிய கம்பளியின் பாரத்தை எந்தத் தராசும் நிறுக்கவில்லை. 1946இல் இந்நாட்டிலே தோன்றிய கொப்புள நோயும் ஈரக் காலத்துக்கே உரியது. அதற்கு மருந்து தெளிக்கும் வேலையும் மழை நாட்களிலேயே வந்து சேர்ந்தது. லயத்தில் அடுப்பு ஒன்று. அதைச் சுற்றிக் காயும் துணிகள் பல. மலைநாட்டுப் பள்ளிக்கூடத்து அதிபருக்கு மழைமானி தேவையில்லை. வரவு இடாப்பைப் பார்த்தாற் போதும். மாற்றுச் சட்டை இல்லாத பிள்ளை யார் என்பதும் அதிலே தெரிந்துவிடும்.

மழையைக் குறைகூறியே பேசுவதும் நீதியன்று. 1934இல் மழை பொய்த்தபோது ஆறுகள் ஒடுங்கிக் குட்டை குட்டையாய் நின்றன. அக்குட்டைகளில் நுளம்பு பெருகி, 1934–35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேகாலையும் கண்டியின் மேற்குப் பகுதிகளும் மிகவும் அடிபட்டன. ஓடும் வெள்ளத்தில் நுளம்பு முட்டையிடுவதில்லை என்பதை அவ்வாண்டில் மக்கள் மிகுந்த விலை கொடுத்து அறிந்துகொண்டனர்.

வட்டபுலுவவுக்கு அண்மையிலே பொல்கொல்லையில் 1976இல் மகாவலியை மறித்து அணை கட்டியாயிற்று. மேலே கொத்மலையிலும் கீழே விக்டோரியாவிலும் 1985இல் பெரு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. கங்கையின் வேகம் பெரிதும் அடங்கிற்று. மலையின் மண் அடங்கவில்லை. 2016 மே 17ஆம் நாள், சில நாள் விடாது பெய்த மழைக்குப்பின், கண்டிக்கு மேற்கே அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையிலே கண்டி மாவட்டம் பேரழிவைக் கண்டது. மண் சரியக்கூடிய இடங்களுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். வானொலியில் அது வாசிக்கப்படும்போது, சரிவிலுள்ள லயத்தில் ஒரு தாய் முதலில் எடுப்பது பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டையும் வைத்த பொலித்தீன் பையை. பிறகு பிள்ளைகளைக் கம்பளியாற் போர்த்திக்கொண்டு, ஒரு கைவிளக்கின் ஒளியிலே கோவில் மண்டபத்துக்கு இறங்குகிறாள்.